வெள்ளைச் சுவரும் ஒரு முற்றமும்: ஜெஃப்ரி பாவாவின் வீடுகள் நமக்குச் சொல்லும் வரலாறு



ஒரகடத்துக்கு அருகே புதிய அடுக்ககம் ஒன்றில் குடியேறிய குடும்பத்தார், துஆச் செய்வதற்காக அண்மையில் நம்மை அழைத்திருந்தார்கள். குடும்பத் தலைவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் முறையில் பணியாற்றுபவர். பன்னிரண்டு ஆண்டுகள் ஒற்றை அறைப் போர்ஷனில் காலம் தள்ளிய பின், அல்லாஹ்வின் அருளால் சொந்த வீடு கண்டவர். அவருடைய மகள் நம்முடைய மக்தபில் குர்ஆன் ஓதி முடித்து, இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

மஃரிப் தொழுகைக்குப் பின் சென்றோம். ஹாலின் ஒரு சுவர் அடர்ந்த மெரூன் நிறத்திலும் மற்றவை சாம்பல் நிறத்திலும் இருந்தன. ஃபால்ஸ் சீலிங்கில் நிறம் மாறும் விளக்குகள் எரிந்தன. தொலைக்காட்சிக்கென ஒரு சுவர் முழுவதும் அலமாரி அடித்திருந்தார்கள். உள் அலங்காரம் செய்தவர், ஒரு வீட்டில் தமக்கு மிகவும் பிடித்த இடம் டிவி சுவர்தான் என்றும், இப்போது அனைவரும் அடர்நிறமே கேட்கிறார்கள் என்றும் சொன்னாராம். வீட்டுக் கடன் போதாதென்று இந்த வேலைக்காகத் தனியாக வட்டிக் கடனும் வாங்கியிருப்பதைத் தகப்பனார் தாழ்ந்த குரலில் தெரிவித்தார். அது அவருடைய நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது.

துஆ முடிந்து எழுந்தபோது அந்தப் பிள்ளை, "ஹஜ்ரத், நான் எங்கே உட்கார்ந்து ஓதுவது?" என்று கேட்டாள். நாம் சுற்றிப் பார்த்தோம். ஹாலில் சோஃபாவும் அலமாரியும் போக எஞ்சியது நடைபாதை மட்டுமே. ஒரு படுக்கையறையில் பெற்றோர். மற்றொன்றில் பாட்டியும் இரண்டு தம்பிகளும். அந்தக் கேள்விக்கு அப்போது நம்மிடம் விடை இல்லை.

வீடு திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஒரு வீட்டில் எந்த இடம் முதன்மையானது, சுவருக்கு எந்த நிறம் தகும் என்பவற்றை விளம்பரத் தாள்களைப் பார்த்துத்தான் அறிய வேண்டுமா? நம்முடைய மண்ணிலும் நம்மை ஒத்த வெயிலும் மழையும் உள்ள அண்டை மண்ணிலும் இதற்கென ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் படித்தபோது, இலங்கையைச் சேர்ந்த ஒருவரின் பெயர் நம்மை நிறுத்தியது. அந்தப் பெயர் பாவா.

காலி வழக்கறிஞரின் பேரர்

பாவா என்ற பெயர் நம் வீடுகளில் புழங்கும் பெயர். ஜெஃப்ரி பாவாவின் தந்தைவழிப் பாட்டனார் அஹமது பாவா, தென்னிலங்கையின் காலி நகரைச் சேர்ந்த முஸ்லிம் வழக்கறிஞர். சட்டம் பயிலச் சென்ற இடத்தில் ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்தார். அவர்களுடைய மகன் பெஞ்சமின் பாவா கொழும்பின் பெயர்பெற்ற வழக்கறிஞராக விளங்கினார். அவருடைய இளைய மகனாக 1919ஆம் ஆண்டு கொழும்பில் ஜெஃப்ரி பிறந்தார். இவர் முஸ்லிமாக வளர்ந்தவர் அல்லர். வளர்ந்த சூழல் ஆங்கிலக் கல்வி பெற்ற மேட்டுக்குடிச் சூழல். ஆயினும் பாட்டனாரின் பெயரை இறுதிவரை தாங்கினார். அந்தப் பெயர் இன்று உலகக் கட்டிடக்கலை வரலாற்றில் நிலைத்திருக்கிறது.

முதலில் இவரும் வழக்கறிஞராகவே பயின்றார். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் இலண்டனில் சட்டமும் கற்றுத் திரும்பிய அவருக்கு நீதிமன்றத்தில் மனம் ஒட்டவில்லை. தாயார் மறைந்த பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் உலகைச் சுற்றிவிட்டு, 1948இல் தாயகம் வந்து, பெந்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் கவனிப்பாரற்றுக் கிடந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கினார். அதுதான் லுனுகங்கா. அந்தத் தோட்டத்தைத் திருத்தி அமைக்க முற்பட்டபோதுதான், தமக்குத் தொழில்நுட்ப அறிவு போதவில்லை என்பதை உணர்ந்தார். எனவே மீண்டும் மாணவரானார். இலண்டனில் கட்டிடக்கலை பயின்று 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. நாற்பதை நெருங்கும் வயதில் புதிய கல்வியைத் தொடங்கத் தயங்கும் நம்மில் பலருக்கு இது ஒரு படிப்பினை.

ஒரு வரிசை வீட்டின் கதை

பாவா கட்டிய பெரிய கட்டிடங்களை உலகம் அறியும். கோட்டேயில் நீரின் நடுவே 1982இல் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றம் அவர் வடிவமைத்தது. நம் தமிழ்நாட்டில், மதுரைக்கருகே கொச்சடையில் நூற்பாலை நிறுவனத்தாருக்காக 1970களில் அவர் கட்டிய கிளப், இன்று தங்கும் விடுதியாக இருக்கிறது. ஆனால் அவர் தமக்கென அமைத்துக்கொண்ட கொழும்பு வீட்டின் கதைதான் போர்ஷன் வீடுகளில் வாழும் நமக்கு மிக அருகில் இருக்கிறது.

கொழும்பில் 33ஆம் ஒழுங்கை என்னும் குறுகிய சந்தில் நான்கு சிறு வீடுகள் வரிசையாக நின்றன. 1950களின் இறுதியில் பாவா அவற்றுள் மூன்றாவது வீட்டை மட்டும் வாடகைக்குப் பிடித்தார். அமரவும் உறங்கவும் சமைக்கவும் போதுமான சிறிய இடம் அது. பின்னர் நான்காவது வீடு கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் முன்னிருந்த இரண்டும் கிடைத்தன. 1968 அளவில் நான்கும் ஒரே வீடாகிவிட்டன. ஒன்றோடொன்றை இணைத்து, இடையிடையே கூரையைத் திறந்து வானத்தை உள்ளே வரவிட்டார்.

வாசலிலிருந்து ஒரு நீண்ட நடை உள்ளே செல்கிறது. அதன் தரையும் சுவர்களும் தூய வெண்மை. ஆங்காங்கே சிறு முற்றங்களில் வெளிச்சம் இறங்குகிறது. நடையின் முடிவில் ஒரு நீர்த்தொட்டியும், செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து மீட்டுக் கொண்டுசெல்லப்பட்ட மரத்தூண்களும் இருக்கின்றன. நம் காரைக்குடிப் பக்கத்தில் வேண்டாமென்று விற்கப்பட்ட தூண், கடல் கடந்து ஒரு கலைஞரின் வீட்டில் மதிப்பான இடத்தைப் பெற்றது! நாம் எதைப் பழசு என்று கழிக்கிறோம், எதைப் புதுசு என்று கடன் வாங்கிச் சேர்க்கிறோம் என்பதை இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் உள் அலங்காரக் கலைஞரிடம் வீட்டில் பிடித்த இடம் எது என்று கேட்டால் வரவேற்பறை என்றோ சமையலறை என்றோ சொல்லக்கூடும். பாவாவுக்குப் பிடித்த இடம் எது என்பதை அவருடைய வீடுகளே சொல்கின்றன. உள்ளுக்கும் வெளிக்கும் இடைப்பட்ட இடம்தான் அது: முற்றம், தாழ்வாரம், சன்னலோரம், மர நிழல். லுனுகங்காவில் ஒரு நாளின் வெவ்வேறு வேளைகளில் அமர்வதற்கென வெவ்வேறு இடங்களை அமைத்திருந்தார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார். பொருளை வைத்து இடத்தை நிரப்புவதைவிட, மனிதன் அமர்வதற்கு இடத்தைக் காலியாக வைப்பதையே அவர் வடிவமைப்பாகக் கருதினார் என்று நமக்குத் தோன்றுகிறது.

மறைவும் காற்றும் ஒருசேர

பாவாவின் வீடுகளில் நம் சமுதாயக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்திக் கலைஞர் எனா டி சில்வாவும், காவல்துறைத் தலைவராக இருந்த அவருடைய கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவும் கொழும்பு நகரின் நடுவே சிறிய மனையொன்றில் வீடு கட்ட விரும்பினார்கள். அக்கம்பக்கத்துப் பார்வை விழாத மறைவும் வேண்டும். மூச்சுமுட்டாத திறப்பும் வேண்டும். 1960க்கும் 1962க்கும் இடையே பாவா அதைக் கட்டிக் கொடுத்தார்.

அக்காலத்தில் நகரத்து வீடுகள் மனையின் நடுவே பங்களாவாக நின்று, நாற்புறமும் சன்னல் வைத்துத் தெருவைப் பார்த்தன. பாவா அதைத் திருப்பிப் போட்டார். தெருப்பக்கம் மறைவான சுவர்; உள்ளே, நடுவில் ஒரு பெரிய முற்றம்; அதைச் சுற்றிலும் அறைகளும் தாழ்வாரங்களும். ஒவ்வோர் அறையும் ஏதேனும் ஒரு முற்றத்தைப் பார்த்துத் திறந்தது. வெளியாள் பார்வை உள்ளே புகாது. காற்றும் மழையும் நிலவும் தடையின்றி வரும். அந்நாளில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் வெளிநாட்டுக் கண்ணாடியும் எஃகும் எளிதில் கிட்டவில்லை. அந்தக் குறையையே நிறைவாக்கி, மரத்தூணும் ஓடும் கருங்கல்லும் கொண்டு கட்டினார். பிற்காலத்தில் அந்த மனை கைமாறியபோது, 2009இல் அந்த வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து, எண்ணிட்டு, லுனுகங்காவுக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினார்கள். ஒரு வீட்டைக் காப்பாற்ற அத்தனை பாடு பட்டிருக்கிறார்கள் என்றால், அதில் பின்வருவோர் கற்க ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்?

மறைவு வேண்டும் என்பதற்காகச் சன்னல்களை அடைத்து, பகலிலும் குழல்விளக்கு எரியும் வீடுகளை நம்மிடையே நிறையப் பார்க்கிறோம். நம் பெண்மக்கள் அத்தகைய வீடுகளில் காற்றும் வெயிலும் இன்றி நாளெல்லாம் கழிக்கிறார்கள். மறைவு என்றால் இருட்டு என்று நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. மறைவும் காற்றும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதைக் கொழும்பில் கட்டிக் காட்டிவிட்டார்கள். நம் முன்னோரும் அதை அறிந்தே இருந்தார்கள். அதைப் பின்னால் சொல்வோம்.

நிறம் எங்கே இருக்க வேண்டும்?

பாவாவின் வீடுகளில் சுவர்கள் பெரும்பாலும் வெண்மையாக இருக்கும். நிறம் பிடிக்காதவரா அவர் என்றால், இல்லை. நிறத்தை அவர் வேறோரிடத்தில் வைத்தார், துணியில் வைத்தார். பெந்தோட்டையில் 1969இல் முடிந்த கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்துக் கூரை முழுவதும் எனா டி சில்வாவின் பத்தித் துணிகள் பல நிறத்தில் ஒளிர்ந்தன. அவருடைய மற்றொரு தோழி பார்பரா சன்சோனி, கிராமத்து ஏழைப் பெண்களுக்கு வேலை கொடுக்க விரும்பிய கிறித்தவக் கன்னியர் மடத்தாரின் வேண்டுகோளை ஏற்றுக் கைத்தறித் துணிகளை வடிவமைக்கத் தொடங்கியவர். துணிந்து எடுத்தாண்ட நிறங்களுக்காக அந்தத் துணிகள் பெயர்பெற்றன. வெண்சுவரின் முன்னே இத்தகைய துணி ஒன்றை விரித்தால் போதும், அறை முழுவதும் உயிர் பெற்றுவிடும்.

இதில் அழகோடு சிக்கனமும் இருக்கிறது. துணி அலுத்தால் மடித்து வைத்து வேறொன்றை விரிக்கலாம்; சுவரின் நிறம் அலுத்தால் மறுபடியும் கூலி கொடுக்க வேண்டும். மேலும், வெண்மை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அறைக்கே கொடுக்கிறது. அடர்நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. ஒரே ஒரு சன்னல் உள்ள அறையில் சுவர் மெரூனாக இருந்தால், மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

வெண்சுவர் நமக்குப் புதிதும் அன்று. கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்துப் பூசிப் பளிங்கு போல் மெருகேற்றிய சுவர்களும் தூண்களும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சென்னைக்குப் பெருமை சேர்த்தன. 'மெட்ராஸ் சுனாம்' என்று ஆங்கிலேயர் அதை வியந்து எழுதினார்கள். எளிய வீடுகளிலும் ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பைக் கரைத்து, அதில் சிட்டிகை நீலம் கலந்து, வெண்மைக்குப் பளிச்சென்ற தோற்றம் கொடுப்பது வழக்கம். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையையும் தடுத்தது. நோன்புக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்த நாட்கள் நம்மில் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும்.

துணியில் நிறம் என்பதற்கு நிகராக, நம் சமுதாயத்தின் கையில் பாயில் நிறம் இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்துவருகின்றன. கோரையைத் தாமிரபரணி நீரில் ஊறவைத்து, நூல்போல் மெலிதாகக் கிழித்து, சாயமேற்றி நெய்யும் பட்டுப்பாயைத் துணிபோல் மடிக்கலாம். மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து திருமணச் சீராகக் கொடுப்பதும் உண்டு. உலகமெங்கும் பேசப்படும் கலைஞர்கள் சென்றடைந்த இடத்துக்கு நம் சகோதரிகளின் விரல்கள் எப்போதோ சென்றுவிட்டன. நாமோ அந்தப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, சுவரில் ஒட்டும் தாளைக் கடனுக்கு வாங்குகிறோம்.

காயலும் மதீனாவும்

முன்னோர் அறிந்தது என்று மேலே சொன்னோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதும் நெடுநாள் வழக்கம். இதனால் பெற்றோர் தலையில் ஏறும் சுமையைப் பற்றிய விவாதமும் அவ்வூர்களிலேயே உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீடு பெண்ணுக்குரியது என்ற எண்ணம் அந்த ஊர்களின் அமைப்பையே வடிவமைத்தது. காயல்பட்டினத்தில் தெருக்களுக்கு இணையாக, வீடுகளின் பின்புறம் முடுக்கு எனப்படும் ஒடுங்கிய வழிகள் செல்கின்றன. பெண்கள் அவ்வழியே ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு இயல்பாகச் சென்றுவந்தார்கள். மறைவு அங்கே சிறையாக இல்லை. நடமாடும் வழியாக இருந்தது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், நம் அனைவருக்கும் முன்மாதிரியான வீடுகள் மதீனாவில் இருந்தன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த ஹுஜ்ராக்கள் மஸ்ஜிதை ஒட்டிய சிற்றறைகள். சுடாத செங்கல்லாலும், மண் பூசிய பேரீச்ச மட்டையாலும் ஆனவை. வாசலில் மயிரால் நெய்த முரட்டுத் திரை தொங்கியது. ஹசன் பஸரி (ரஹ்) அவர்கள் தாம் சிறுவராக அந்த அறைகளுக்குள் சென்றபோது கூரையைக் கையால் தொட முடிந்ததாகக் கூறியிருக்கிறார்கள்.

ஹிஜ்ரி 88ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 707 அளவில், கலீஃபா வலீதின் ஆணைப்படி மஸ்ஜிதை விரிவாக்குவதற்காக அந்த அறைகள் இடிக்கப்பட்டன. அப்போது மதீனாவின் ஆளுநராக இருந்தவர் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். ஆணை படிக்கப்பட்ட நாளில் மக்கள் அழுததைப் போல் அழுது கண்டதில்லை என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. அவை அப்படியே விடப்பட்டிருக்கலாகாதா என்று ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்கள் ஏங்கினார்கள். பின்வரும் தலைமுறையினர் அல்லாஹ்வின் தூதர் எத்தகைய வீட்டில் நிறைவு கண்டார்கள் என்பதைக் கண்ணால் பார்த்து, வீட்டைப் பெருக்கிப் பெருமை பேசுவதைக் குறைத்துக்கொள்வார்களே என்பது அவர்களுடைய ஆதங்கம்.

நிறத்தைப் பற்றியும் அந்த வீட்டில் ஒரு செய்தி உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டின் ஒரு பக்கத்தில் உருவங்கள் கொண்ட வண்ணத்திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். தொழும்போது அது கண்முன்னே வந்துகொண்டே இருப்பதாகக் கூறி, அதை அகற்றும்படி நபிகள் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அத்தகைய திரைத்துணி வெட்டித் தலையணையாக்கப்பட்டதாகவும் அறிவிப்புகள் உள்ளன. துணி வீணாகவும் இல்லை. மனம் கலையவும் இல்லை. வீட்டிலுள்ள ஒன்று நம் கண்ணை இழுத்து மனத்தைக் கலைக்கிறதா, அமைதி தருகிறதா என்பதே அங்கு அளவுகோலாக இருந்தது.

அறிஞர்கள் அந்த அறைகளுக்காக ஏங்கியதையும், பாவாவுக்கு உலகம் தந்த மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. முஸ்லிம் சமுதாயங்களின் கட்டிடக்கலைக்காக நிறுவப்பட்ட ஆகா கான் விருதுக் குழு, வாழ்நாள் பணிக்கான தலைவர் விருதை 2001இல் பாவாவுக்கு வழங்கியது. அதே விருதை 1980இல் முதன்முதலாகப் பெற்றவர் எகிப்தின் ஹசன் ஃபத்ஹி. லக்சர் அருகே ஏழை உழவர்களுக்காகச் சுடாத மண் செங்கல்லால் ஒரு கிராமத்தையே எழுப்பியவர். மண்ணும் சுண்ணாம்பும் முற்றமும் வறுமையின் அடையாளங்கள் அல்ல என்பதை இந்த விருதுகளும் உணர்த்துகின்றன.

நம் வழித்தடத்து வீடுகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிக்கு மீண்டும் வருவோம். இது ஏரிகளும் வயல்களும் திண்ணை வீடுகளும் இருந்த நாடு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன் கண்ணாடி ஆலை இயங்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்தது. ஆலைகளைத் தொடர்ந்து பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். நம் ஜமாஅத்துகளிலும் புதிய முகங்கள் பெருகின. தங்க இடம் தேடுவதே பெரும்பாடானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகத்தை அரசு திறந்துவைத்தது என்பதிலிருந்தே இங்கு ஒரு கட்டிலிடத்துக்கு உள்ள தேவையை அளந்துகொள்ளலாம்.

கண்ணாடி கிடைக்காத காலத்தில் கட்டிய வீடு இன்று பாடநூலாகிவிட்டது. கண்ணாடி ஆலையின் நிழலிலேயே வாழும் நாம் காற்றில்லா அறைகளில் புழுங்குகிறோம். நம் அனைவராலும் முற்றம் வைத்துக் கட்ட முடியாது என்பதை நாம் அறிவோம். ஆனால் முற்றம் செய்த வேலையைச் சிறு வீட்டிலும் செய்விக்க முடியும். உள்ள ஒரு சன்னலை அலமாரி மறைக்காமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. மெல்லிய வெண்திரை போட்டால் பகலில் வெளிப்பார்வை மறையும், வெளிச்சம் நிற்காது. சுவர்களுக்கு வெண்மையோ வெண்மை கலந்த இளநிறமோ போதும். நிறத்தைப் பாயிலும் போர்வையிலும் திரையிலும் வைத்துக்கொள்ளலாம்.

சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் வாடகைக்கு இருப்போருக்கும் பாவாவின் பணியில் ஒரு குறிப்பு உண்டு. நெளி சிமெண்ட் ஷீட்டின் மேல் பழைய நாட்டு ஓடுகளைப் பரப்பும் முறையை அவரும் அவருடைய டேனிஷ் நண்பர் உல்ரிக் பிளெஸ்னரும் கையாண்டார்கள். ஷீட் மழையைத் தடுத்தது. ஓடு வெப்பத்தைத் தடுத்தது. செலவும் குறைவு. வீட்டு உரிமையாளர்களாக இருக்கும் நம் சகோதரர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். ஓடு கிடைக்காவிட்டால் கூரைமேல் வெள்ளையடித்தாலும் வெப்பம் குறையும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. குடியிருப்போரின் உடல்நலமும் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான்.

எந்த இடத்தை விரும்புகிறீர்?

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இத்பான் பின் மாலிக் (ரலி) என்பவர் பத்ருப் போரில் கலந்துகொண்ட அன்சாரித் தோழர். பார்வை மங்கியவர். மழைக் காலத்தில் அவர் வீட்டுக்கும் அவருடைய சமூகத்தாரின் பள்ளிவாசலுக்கும் இடையே வெள்ளம் ஓடும். கடந்து செல்ல இயலாது. எனவே நபிகள் (ஸல்) அவர்கள் தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழ வேண்டும், அவ்விடத்தையே தாம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் சென்றார்கள். உள்ளே நுழைந்ததும் அமரக்கூட இல்லை. உம் வீட்டில் எந்த இடத்தில் நான் தொழுவதை விரும்புகிறீர் என்று வினவினார்கள். அவர் ஒரு மூலையைச் சுட்டிக்காட்டினார். அங்கே தொழுகை நடந்தது.

ஒரு வீட்டில் பிடித்த இடம் எது என்ற கேள்வி நம் வரலாற்றில் இவ்வாறு கேட்கப்பட்டிருக்கிறது. அதுவும் அந்த வீட்டில் வாழ்பவரிடமே கேட்கப்பட்டிருக்கிறது. இந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்துகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்ட மாலையில் அது நம் நினைவுக்கு வரவில்லை. கற்பிப்பவருக்கும் மறதி உண்டு. அதைப் பிள்ளைகள்தாம் நீக்குகிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றோம். தகப்பனாரிடம் இத்பான் (ரலி) அவர்களின் செய்தியைச் சொல்லிவிட்டு, அவர் முன்னிலையிலேயே மகளிடம், "உனக்கு எந்த இடம் வேண்டும், மகளே?" என்று கேட்டோம். அவள் சற்றும் தயங்காமல், பழைய அட்டைப் பெட்டிகளும் உடைந்த மிதிவண்டியும் அடைத்துக் கிடந்த சிறிய பால்கனியைக் காட்டினாள். டிவி அலமாரி சுவரோடு சேர்த்து அடிக்கப்பட்டது. அதை அசைக்க முடியாது, அதற்கான தவணையும் நிற்காது. ஆனால் பால்கனியைக் காலி செய்ய ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டி மறைவு செய்தார்கள். உட்சுவருக்குத் தகப்பனார் தம் கையாலேயே வெள்ளையடித்தார். பாட்டியார் பரணிலிருந்து பத்தமடைப் பாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்; அது அவருடைய நிக்காஹ் பாய்.

இப்போது ஃபஜ்ருக்குப் பின் அந்தப் பிள்ளை அங்கே அமர்ந்து ஓதுகிறாள். பிறகு பள்ளிப் பாடம் படிக்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வரும் தகப்பனாரும் சில நாட்களில் அங்கேயே அமர்ந்து தேநீர் அருந்துவதாகச் சொன்னார். "வீட்டிலேயே செலவில்லாத இடம் அதுதான் ஹஜ்ரத்" என்று சிரித்தார். கடனை விரைவில் அடைத்துவிட வேண்டும் என்ற கவலை அவர் முகத்தில் இன்னும் இருக்கிறது. அல்லாஹ் அதை இலேசாக்கி வைக்கட்டும்.

புதிதாக வீடு புகும் குடும்பத்தாருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: ஆசாரியை அழைக்கும் முன், பெயிண்ட் அட்டையைப் புரட்டும் முன், வீட்டிலுள்ள பெண்மக்களையும் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்து, உங்களுக்கு எந்த இடம் வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் மூலையை முதலில் காலி செய்து கொடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களை அமைதி தரும் இடங்களாகவும், நம் கண்களுக்குக் குளிர்ச்சியாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.